வசனம் கையில், அதிகாரம் எங்கே?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் சேலத்துச் சபைகள் பலவற்றில், புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கைக்கு வந்துவிடும். எரேமியா 29:11 வந்தவர்களுக்குத் தனி மகிழ்ச்சி: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஏறும். அந்த அதிகாரத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

திறந்தால் அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறொரு தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்த காலம். எரேமியாவோ, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், 70 வருடம் ஆகும் என்கிறார். அப்படியானால் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. இது தெரிந்தால் வசனம் சிறுத்துவிடாது. நினைத்த வேலை கிடைக்காத வருடத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். முன்னும் பின்னும் பாராமல் வசனத்தைக் கிள்ளியெடுப்பதுதான் என் பார்வையில் பெரிய தவறு. "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். அதற்கு முந்தின வசனத்தில், அதை எழுதிய அப்போஸ்தலனாகிய பவுல் பேசுவது பட்டினியைப் பற்றி, அதுவும் காவலில் இருந்துகொண்டு.

இதைச் சொன்னால், படிப்பெல்லாம் எதற்கு என்று உடனே "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்ற பவுலின் வசனத்தைச் சொல்வார்கள். இதுவும் கிள்ளியெடுத்ததே! பவுல் அங்கே கற்களில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்தையும் புதிய உடன்படிக்கையையும் எதிரெதிரே வைக்கிறார். படிக்காதே என்று சொல்லவில்லை. விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி தீமோத்தேயுவிடம் சிறையிலிருந்து கேட்டவரும் அவர்தான்.

வேதாகமத்துக்கு வெளியே உள்ள 'வெளிப்படிப்பு' விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் இன்னொன்று. இப்படிப் பயப்படுகிறவர்கள் ஏற்காட்டை நினைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் சைவரான ஆறுமுக நாவலரோடு உட்கார்ந்து தமிழ் வேதாகமத்தில் வேலை செய்த மிஷனெரி பீட்டர் பெர்சிவல் 1882-ல் காலமானது அங்கேதான். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளையும் அவர் திரட்டிவைத்தார். அவருடைய மருமகன் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர். ஒரு குடும்பத்தில் வேதாகமமும் கற்கோடரியும் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நாலு விளக்கவுரை படித்ததும் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லாரையும் திருத்தக் கிளம்புவது. அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டது இவர்களுக்காகத்தான்.

அப்புறம், பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்வது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களில் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம் அவர்களைப் பாராட்டுகிறது, கண்டிக்கவில்லை. ஆகவே ஆயரிடமோ பாஸ்டரிடமோ மரியாதையாகச் சந்தேகம் கேட்பதில் தப்பில்லை.

ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்று ஆரம்பித்து, பிப்ரவரியில் லேவியராகமத்தில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். சேலத்திலிருந்து ஏற்காடு போய்வரும் நேரத்தில் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். பேருந்தில் மட்டும் வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும்.