கனவின் வாலைப் பிடிப்பது எப்படி?

கண் விழித்த நொடியில் முழுசாக இருந்த கனவு, பல் துலக்கி முடிப்பதற்குள் காணாமல் போய்விடும். இதற்கு ஞாபக மறதியைக் குறை சொல்ல வேண்டாம். தெளிவான கனவுகள் அதிகம் வருவது கண்கள் வேகமாக அசையும் ‘ரெம்’ உறக்கத்தில்தான். நினைவைப் பதிய வைக்க உதவும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அந்த நேரத்தில் மூளையில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அதனால் கனவு ஓடிக்கொண்டே இருக்கும், சரியாகப் பதியாது. விழித்தபின் நாம்தான் பதிய வைக்க வேண்டும். அதற்குக் கிடைப்பதோ ஒன்றிரண்டு நிமிடம்.

முதல் தேவை, போதுமான தூக்கம். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ரெம் உறக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அதன்பிறகு வந்த ஆய்வுகளில் தெரிந்துகொண்டது இது: உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்களே இருக்கும், விடியற்காலையில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். எட்டு மணி நேரம் தூங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தில் எழுந்தால், போவது கால்வாசித் தூக்கம்தான். ஆனால் கனவுகளில் அதைவிடப் பெரிய பங்கு அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

படுக்குமுன் ஒரு நோட்டையும் பென்சிலையும் எழுந்திருக்காமலே கை எட்டும் இடத்தில் வையுங்கள். படுத்தபடி மேல்நோக்கிப் பிடித்து எழுதினால் பால்பாயிண்ட் பேனா நான்கு வரியில் நின்றுவிடும், பென்சில் நிற்காது. நாளைய தேதியை இரவே எழுதிவிடுங்கள். காலையில் தேதியை யோசிக்கப் போனால், கூடவே அன்றைய வேலைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். விளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு போதும். போனில் பேசிப் பதிவு செய்பவர்கள் ஃபிளைட் மோடில் போட்டு, பதிவு செய்யும் ஆப்பைத் திறந்தே வையுங்கள். காலையில் ஒரே ஒரு மெசேஜ் கண்ணில் பட்டாலும் கனவு போயிற்று. விளக்கை அணைத்ததும், “முழிச்சதும் என்ன கனவுன்னு கேட்பேன்” என்று இரண்டு மூன்று முறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனாலும் விடாதீர்கள்.

அலறும் அலாரமும், அதை அணைக்கப் பாயும் கையும்தான் கனவுக்கு முதல் எதிரிகள். விடுமுறை நாளில் தானாக விழிக்கும்போது பழகத் தொடங்குவது நல்லது. அலாரம் இல்லாமல் முடியாது என்றால், மெல்லத் தொடங்கி ஏறும் ஒலியை வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், தூங்கிப்போனதிலிருந்து ஆறு மணி நேரம் கணக்கிட்டு அலாரம் வைத்துப் பார்க்கலாம். சுற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒன்றும் சிக்கவில்லை என்றால் அடுத்த முறை 20 நிமிடம் தள்ளி வையுங்கள். தினமும் இப்படிச் செய்தால் தூக்கம்தான் கெடும்.

இனி முக்கியமான கட்டம். விழித்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள், திறந்திருந்தால் மூடிக்கொள்ளுங்கள். “இப்போ என்ன நடந்துக்கிட்டு இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். ஏதாவது ஒரு துண்டு கையில் மிஞ்சியிருக்கும். ஒரு படிக்கட்டு, அதில் ஈரச் செருப்பு, அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அதை விடாமல் பிடித்துக்கொண்டு, “இதற்கு முன்னால்?” என்று பின்னோக்கிப் போங்கள். செருப்பு ஏன் ஈரம்? படியில் தண்ணீர் வழிந்தது. தண்ணீர் எங்கிருந்து? மேலே ஒரு மீன் நடந்து வந்தது. அதைப் பார்த்து அத்தை சத்தம் போட்டாள். முடிவுதான் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் வாலைப் பிடித்துத் தலைக்குப் போவதே எளிது.

படம் எதுவும் இல்லையா? உடம்பில் என்ன உணர்வு மிச்சம் என்று பாருங்கள்: பயமா, வெட்கமா, அவசரமா? அதுவும் பிடிபடவில்லை என்றால், வழக்கமாகத் தூங்கும் இன்னொரு பக்கத்துக்கு மெதுவாகத் திரும்பி அரை நிமிடம் காத்திருங்கள். சில நேரம் கனவு திரும்பி வரலாம்.

எழுதும்போது கதையில் தொடங்காதீர்கள். ‘மீன் – படிக்கட்டு – அத்தை – செருப்பு’ என்று நாலைந்து சொற்களை முதலில் போடுங்கள். அடுத்து, யாராவது பேசிய வார்த்தைகள், பெயர்கள், எண்கள். சட்டென்று நழுவுபவை இவைதான். அதன்பிறகு, ‘நடக்கிறது, வருகிறாள்’ என்று நிகழ்காலத்தில் விரித்து எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். விழித்த மனசுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், விநோதமாக இருந்ததைத் தானாகவே திருத்திவிடும். ‘அத்தைதான், ஆனால் முகம் டீச்சர் முகம்’ என்றால் அப்படியே எழுதுங்கள், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இடையில் என்ன நடந்தது என்று தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். இட்டு நிரப்பினால், மறுநாள் எது கனவு, எது நிரப்பியது என்று உங்களுக்கே தெரியாது.

ஒன்றும் வராத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்றாவது எழுதுங்கள். பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

மது குடித்த இரவில் முன்பாதியில் ரெம் அமுங்கிப் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ரெம் உறக்கத்தைக் குறைக்கும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கனவுக்கென்று பி6 வைட்டமினை அதிக அளவில் விழுங்குவதும் வேண்டாம். நீண்ட நாள் தொடர்ந்தால் நரம்புகளைப் பாதிக்கும். கெட்ட கனவுகள் ஓயாமல் வந்தாலோ, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால்களை உதறி அடித்தாலோ, நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மதியம் குழாயைத் திறக்கும்போது திடீரென்று அந்த மீனின் நிறம் நினைவுக்கு வரலாம். அப்போது அதை எழுத ஓர் இடம் வேண்டும்.