சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி அந்த வேலையே வேணுமான்னு பாருங்க

ப்ராசஸை, அதாவது வேலை நடக்கற முறையை, மாத்தப்போறோம்னு ஒரு கம்பெனில முடிவெடுத்தா போதும், அடுத்த வாரமே சாஃப்ட்வேர்காரங்க டெமோ காட்ட வந்து உக்காந்துடறாங்க. முதல் தப்பு அங்கதான். வெட்டி வேலையை கம்ப்யூட்டர்ல ஏத்தினா வெட்டி வேலை வேகமா நடக்கும், அவ்ளோதான்.

1980கள்ல ஃபோர்டு கம்பெனி இதே தப்பைப் பண்ண இருந்துச்சு. வட அமெரிக்காவுல சப்ளையருக்கு பணம் குடுக்கற செக்‌ஷன்ல மட்டும் 500 பேருக்கு மேல, கம்ப்யூட்டர் போட்டு 400 ஆக்கிடலாம்னு பிளான் போட்டு வெச்சிருந்தாங்க, அப்புறம் தாங்க பங்கு வாங்கியிருந்த ஜப்பான் கார் கம்பெனி மஸ்தாவைப் போய் பாத்தா அங்க அந்த வேலைக்கு மொத்தமே 5 பேர். மஸ்தா சின்ன கம்பெனிதான், அதைக் கழிச்சுப் பாத்தாலும் ஃபோர்டுல அஞ்சு மடங்கு ஆளு!

அத்தனை பேரும் என்னதான் பண்ணாங்க? பர்ச்சேஸ்ல இருந்து வர்ற ஆர்டர், ஸ்டோர்ஸ்ல சரக்கு எறங்கின சீட்டு, சப்ளையர் அனுப்பற பில், இந்த மூணுலயும் 14 விஷயம் ஒத்துப்போகணும், போகலன்னா யார் தப்புன்னு தேடணும். தேடறதுலயே பொழுது போயிடும். சீக்கிரமா தேட வழி பாக்காம பில்லையே தூக்கிட்டாங்க. சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸ்காரர் ஆர்டரோட ஒத்துப் பாப்பார், சரியா இருந்தா எறக்கிக்குவார், பேமெண்ட் தானா போகும், இல்லன்னா வண்டியோட திருப்பி அனுப்பிடுவார். பாக்க வேண்டியது இப்ப 3 விஷயம்தான். ஆளு 75 சதவீதம் கொறஞ்சுது. கவனிங்க, தலைவலி அக்கவுண்ட்ஸ்ல, மருந்து ஸ்டோர்ஸ்ல. நாம வலிக்கற எடத்துலயே தைலம் தேய்ச்சுட்டிருப்போம்.

அடுத்த தப்பு, லேட் ஆனா ஆளுங்க மேல பாயறது. மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப்னு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி, ஒரு அப்ளிகேஷன் 5 டிபார்ட்மெண்ட், 19 பேர் கை மாறி 5ல இருந்து 25 நாள் ஆகும், 22 நாள் இழுக்கற ஒரு அப்ளிகேஷனுக்கு நெஜமான வேலை 17 நிமிஷம்தான்னு இன்னொரு இன்சூரன்ஸ் கம்பெனி போட்ட கணக்கு. மீதியெல்லாம் மேஜைல தூங்கின நேரம். மியூச்சுவல் பெனிஃபிட்ல ஒரு ஃபைலுக்கு ஒரே ஆள்னு மாத்தினதும் 4 மணி நேரத்துலகூட முடிக்க முடிஞ்சுது. (ஆனா 1991ல ரியல் எஸ்டேட்ல மாட்டி அந்த கம்பெனி அரசு கைக்குப் போச்சு, அது வேற கதை.)

அப்ரூவல் மேல அப்ரூவல் சேக்கறது இன்னொண்ணு. நான் இருந்த ஒரு ஆபீஸ்ல 300 ரூபா ஸ்டேஷனரிக்கு நாலு கையெழுத்து, மேல இருக்கவர் பாத்துக்குவார்னு கீழ இருக்கவரும், கீழயே பாத்திருப்பாங்கன்னு மேல இருக்கவரும் போட்டுத் தள்ளுவாங்க.

கடைசியா, வேலை செய்யறவங்களைக் கேக்காம ரூம்ல உக்காந்து வேலை எப்படி நடக்கணும்னு படம் வரையறது. ஃபோர்டு கதையை 1990ல எழுதி ரீஇன்ஜினியரிங்கை, அதாவது வேலை முறையை அடியோட மாத்தற யோசனையை, பரப்பின மைக்கேல் ஹேமரே மனுஷங்க பக்கத்தை சரியா கவனிக்கலன்னு பின்னால ஒத்துக்கிட்டார். வேலை போயிடும்னு பயந்தவங்க நெஜத்தைச் சொல்ல மாட்டாங்க. அதனால யாருக்கு வேலை இருக்கும், எங்க மாத்துவீங்கன்னு மொதல்ல சொல்லிட்டு, ஒரு நாள் முழுக்க ஸ்டோர்ஸ்ல நில்லுங்க, சிஸ்டத்துல இல்லாததையெல்லாம் ஒரு பழைய டைரில எழுதி வெச்சிருப்பார் ஒருத்தர், அதை வாங்கிப் படிங்க.