இருவர் இசைக்குழுவின் முதல் ஆல்பம்: கேட்கும் முறை

பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும், ஒரு பாட்டை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் முதலில் அணையுங்கள். கிராஸ்ஃபேடு 5 நொடி இருந்தாலே ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் ஏறிவிடும். போன் ஸ்பீக்கரும் வேண்டாம், தாழ்ந்த பேஸ் ஒலி அதில் எடுபடாது. ஹெட்ஃபோனில் வரிசை மாறாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

இரண்டாம் முறை, இல்லாத மூன்றாவது ஆளின் வேலையை யார் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ரசமே அங்கேதான். ராயல் பிளட் என்ற இருவர் ராக் குழுவின் 2014 முதல் ஆல்பம் பேஸ் கிட்டார், டிரம்ஸை நம்பியே நிற்கிறது. பேஸ் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆக்டேவ் பெடலில் (ஸ்தாயியை மாற்றும் கால்கருவி) ஒரு ஸ்தாயி உயர்த்தி கிட்டார் ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) விட்டால், இருவர் நால்வராக ஒலிப்பார்கள். இன்னொரு இருவர் குழுவான ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் நேர்மாறு: கிட்டாரும் டிரம்ஸும், பேஸ் ஆளே இல்லை. அங்கே காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மைப் பின்தொடருங்கள்.

பிறகு மேடைப் பதிவைப் பாருங்கள். ஆல்பத்தில் இருந்து மேடையில் காணாமல் போகும் ஒலி பெரும்பாலும் ஸ்டூடியோவில் மேலே சேர்த்தது.