விதை நெல் விலை மட்டும் சாகுபடிச் செலவு ஆகாது: ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் பயணத்தில் கணக்கு தப்பும் இடங்கள்

எங்கள் பக்கத்தில் மூன்று மா குறுவை போடுகிறவர்கூட விதை நெல் விலையை வைத்து "இவ்வளவுதான் செலவு" என்று சொல்லிவிட மாட்டார். நாற்றங்கால், உழவு, நடவுக் கூலி, உரம், களை, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் கூட்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நாங்கள், கப்பல் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எடுத்து வைத்தோம். நான், மனைவி, அம்மா மூன்று பேரும் ஒரு செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஏறி, ரைன் நதி வழியாக சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை 7 இரவுகள் போனோம். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு ஆற்றோடு ஒரு வாரம் போவது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கும்பகோணம் திரும்பி நோட்டில் எழுதிக் கூட்டியபோது, கப்பல் கட்டணம் போக, அதில் முக்கால் பங்குக்கும் மேலான தொகை வேறு வேறு வழிகளில் போயிருந்தது.

பிள்ளைகள் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலையில் இருக்கும் வீடுகளில் இப்போது இந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேச்சு வருகிறது. பணம் சேர்த்து ஒருமுறை போகிறவர்கள் நடுவழியில் கவலைப்படக் கூடாது என்பதற்காக, எங்கள் கணக்கு தப்பிய இடங்களைச் சொல்கிறேன்.

"ஒருவருக்கு" என்ற விலையை மூன்றால் பெருக்கியது

நாங்கள் செய்ததில் பெரிய தவறு இதுதான். விளம்பரத்தில் ஒருவருக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. மூன்று பேருக்கு மூன்றால் பெருக்கினேன். அந்த விலை, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு ஆகும் விலை. ஆற்றுக் கப்பல்கள் கடல் கப்பல் மாதிரிப் பெரியவை அல்ல. பாலங்களுக்கு அடியிலும் மதகு போன்ற லாக்குகளுக்கு உள்ளேயும் நுழைய வேண்டியிருப்பதால் அளவு கட்டுப்பாடு உண்டு. கேபின்கள் பெரும்பாலும் இரண்டு பேருக்கு மட்டும்தான். மூன்று பேர் தங்கும் கேபின் அபூர்வம். ஆக, அம்மாவுக்குத் தனி கேபின். தனியாகத் தங்குகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். கப்பலையும் மாதத்தையும் பொறுத்து அது கால் பங்கும் இருக்கலாம், முழு இரண்டாவது ஆள் கட்டணமாகவும் இருக்கலாம். எங்களுக்கு ஏறக்குறைய முழுதாகவே வந்தது. "ஏண்டா, எனக்கு மட்டும் ரெண்டு பேர் காசா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தனியாக இருக்கும் அம்மா, அத்தை, பெரியம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். அக்கா, சம்பந்தியம்மா என்று கூட ஒருவர் சேர்ந்தால் இரண்டு பேர் ஒரே கேபினில் இருக்கலாம். சில நிறுவனங்கள் கூட்டம் குறைந்த தேதிகளில் இந்தக் கூடுதல் கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

கேபின் பற்றி இன்னொன்று. மலிவான கீழ்த்தளத்தில் ஜன்னல் உயரத்தில், சின்னதாக இருக்கும், திறக்க முடியாது. "ஃபிரெஞ்ச் பால்கனி" என்றால் வெளியே போய் நிற்கும் பால்கனி இல்லை, கண்ணாடிக் கதவும் கம்பியும்தான்.

எல்லாம் சேர்ந்தது என்ற சொல்

கட்டணத்தில் பொதுவாகச் சேர்ந்திருப்பவை கேபின், மூன்று வேளைச் சாப்பாடு, வைஃபை, பல ஊர்களில் ஒரு சுற்றிக் காட்டல். சாப்பாட்டு நேரத்தில் ஒயினும் பீரும் பல கப்பல்களில் இலவசம். அது நம் வீட்டில் பலருக்குத் தேவைப்படாத இலவசம். தனியாக வருபவை டிப்ஸ், விருப்பச் சுற்றுலா, துணி துவைக்கக் கொடுப்பது, விமான நிலையத்திலிருந்து கப்பலுக்கு வண்டி, சிலவற்றில் துறைமுகக் கட்டணம்.

டிப்ஸ் நம் ஊர் ஹோட்டலில் வைத்துவிட்டு வரும் சில்லறை இல்லை. பல நிறுவனங்கள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 யூரோ வரை என்று பரிந்துரைக்கின்றன. கட்டாயம் இல்லை என்றாலும் கடைசி இரவு கணக்கில் வந்து நிற்கும். 12 யூரோ என்று வைத்தால் மூன்று பேருக்கு 7 நாளில் 252 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாயாக வைத்துப் பாருங்கள், 25,000 ரூபாய்க்கு மேல். கேபினைத் துடைத்து, அம்மாவுக்குத் தினமும் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த பெண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை. அதை எடுத்து வைக்காமல் போனதுதான் தவறு. வேறு சில நிறுவனங்கள் டிப்ஸையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. பார்த்தவுடன் விலை அதிகமாகத் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், விலை அதிகம் என்று ஒதுக்கியதே மலிவாக வரலாம்.

விருப்பச் சுற்றுலாவில் நிதானமாக இருங்கள். ஆற்றுக் கப்பலின் பெரிய சௌகரியம், பல இடங்களில் ஊருக்குள்ளேயே நிறுத்துவது. கொலோனில் இறங்கினால் பேராலயத்துக்கு நடந்தே போகலாம், அதற்கு பஸ் டூர் வேண்டாம். எல்லா ஊரும் அப்படி இல்லை. பிரான்சின் ஸ்டிராஸ்பூருக்கு என்று போட்டிருக்கும் சில கப்பல்கள் ஆற்றின் மறுகரையில், ஜெர்மனிப் பக்கம் கேல் என்ற ஊரில் நிற்கும். அங்கிருந்து பாலம் தாண்டிப் போகும் டிராம் 2017 முதல் ஓடுகிறது. எந்த ஊரில் எந்தத் துறை, மையத்துக்கு எவ்வளவு தூரம் என்ற பட்டியலை முன்கூட்டியே வாங்கிவிட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு நடக்கலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்யலாம். அம்மா மாதிரி முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் டாக்ஸிப் பணம் தனியாக வையுங்கள். பழைய ஊர்களில் தெரு முழுக்கக் கருங்கல் பாவியிருக்கும். ஒரே துறையில் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி நிறுத்தியிருந்தால், அடுத்த கப்பல்களின் வழியாகப் படி ஏறி இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும்.

ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் ஒன்று

ஆம்ஸ்டர்டாமுக்குப் போக வர டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, பாசெலில் இறங்கியபின் ரயிலில் திரும்பி ஓடுகிறவர்களைப் பார்த்தேன். மூன்று பேருக்கு ரயில் கட்டணமும் ஒரு இரவு ஹோட்டலும் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறும் டிக்கெட்டையும் விலை கேளுங்கள்.

கப்பல் ஏறும் நாளில் போய் இறங்குவதும் ஆபத்து. விமானம் தாமதமானால் கப்பலை அடுத்த ஊர் வரை சொந்தச் செலவில் துரத்த வேண்டும். ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள், ஆனால் அந்த இரவையும் கணக்கில் எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹோட்டல் அறை வாடகை மேல் 2024 முதல் 12.5% சுற்றுலா வரி. அது போதாதென்று 2026 ஜனவரியிலிருந்து நெதர்லாந்தில் தங்குமிடங்களுக்கான மதிப்புக் கூட்டு வரி 9 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக ஏறிவிட்டது.

புறப்படும் முன்பே போகும் பணம்

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். நாங்கள் சென்னைக்குப் போய் ஒரு இரவு தங்கினோம். ரைனுக்குப் பதில் டான்யூப் என்ற இன்னொரு ஆற்றில், கீழே செர்பியாவின் பெல்கிரேடு வரை போகும் கப்பலாக இருந்தால் கவனம்: செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே நுழைந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி உள்ளே வரப் பலமுறை நுழையும் விசா வேண்டும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. மலிவான பாலிசி அதற்குப் போதும். அம்மாவின் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போதாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொறுப்பேற்கும் பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் கூடும். அந்தக் காசில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

பேக்கேஜ் மேல் 5% ஜிஎஸ்டி உண்டு. டிசிஎஸ் என்று, பணம் கட்டும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி ஒன்றும் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ஆனால் பணம் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

ஆறு சொன்னபடி கேட்காது

மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்று காலண்டரில் எழுதியிருந்தாலும், எத்தனை வருஷம் அந்தத் தேதி தள்ளிப்போயிருக்கிறது! ஆற்றை நம்பிப் பிழைக்கிற நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் ஐரோப்பா என்றவுடன் எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

ரைனில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே, மலைக்கோட்டைகள் வரிசையாக வரும் அழகான பகுதியில் அணையோ லாக்கோ கிடையாது. தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அங்கே கௌப் என்ற சிற்றூரில் இருக்கும் அளவுகோலைத்தான் கப்பல்காரர்கள் பார்க்கிறார்கள், நாம் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பது போல. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 2022 ஆகஸ்டிலும் மிகவும் குறைந்து, சரக்குக் கப்பல்கள் சுமையைப் பெரிதும் குறைத்துக்கொண்டு போயின. டான்யூபில் ஸ்டிராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே இதே மாதிரி அணையில்லாத ஆழம் குறைந்த பகுதி. வெள்ளமும் வரும்: 2013 ஜூனில் டான்யூப் கரையிலுள்ள பஸ்ஸாவ் நகரில் 12.89 மீட்டர் வரை ஏறியது. 2024 செப்டம்பர் புயல் மழையில் ஆஸ்திரியாவில் டான்யூப் போக்குவரத்தே நின்றது. தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது.

அப்படி நின்றால் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், அல்லது அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள், அல்லது ஹோட்டலில் தங்க வைப்பார்கள். அந்தச் செலவு பொதுவாக நிறுவனத்துடையது. ஆனால் பயணத் திட்டத்தை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும். கப்பலில் போக வேண்டிய நாளில் பஸ்ஸில் உட்கார்ந்ததற்காகப் பணம் திரும்ப வரும் என்று எண்ண வேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீட்டிலும் நீர்மட்டக் குறைவு பெரும்பாலும் இருக்காது. வாங்கும்போது இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் இழந்தது, நாங்களே தனியாகப் பதிவு செய்தவற்றில். நடுவில் ஒரு ஊரில் மூன்று பேருக்கும் நுழைவுச் சீட்டும் ரயில் சீட்டும் திருப்பித் தராத விலையில் வாங்கி வைத்திருந்தேன். அன்று கப்பல் அந்த ஊருக்குப் போகவே இல்லை. நடுவழி ஊர்களுக்கு எதையும் முன்பணம் கட்டி வைக்காதீர்கள். கட்டினால் ரத்து செய்யக்கூடியதாகக் கட்டுங்கள். மழையும் பனி உருகலும் சேரும் வசந்த காலத்தில் வெள்ளத்துக்கும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர்க் குறைவுக்கும் வாய்ப்பு அதிகம்.

கார்டு, போன், இன்னும் சில

நம் வங்கிக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% கூடுதல், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக 4.13%. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய் சும்மா போகிறது. ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிக்கொள்வது நல்லது. கடையில் மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலையில் மாற்றுவார்கள். சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க், ஹங்கேரியில் ஃபோரின்ட் என்பதையும் மறக்க வேண்டாம். கழிப்பறைக்கு ஸ்டேஷன்களில் ஒரு யூரோ வரை கேட்பார்கள், சில்லறை நாணயம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கிய சிம் அதன் எல்லா நாடுகளிலும் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் இல்லை. பாசெலை நெருங்கும்போது போன் தானாக சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும். மனைவி அன்று வீடியோவில் ஊருக்குப் பேசிய பத்து நிமிடத்தில் மீதியிருந்த பணம் முழுவதும் தீர்ந்துபோனது. அந்த நாள் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவர ஒன்றியத்தில் தடை உண்டு. சைவம் என்பதைப் பதிவின்போதே எழுதிக் கொடுத்தால் கப்பலில் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள். கொடுக்காவிட்டால் ஊர் ஊராக வெளியே சாப்பிட்டுப் பணம் போகும்.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பப் பெற ஜெர்மனியில் ஒரே பில் 50 யூரோவுக்கு மேலும், ஆஸ்திரியாவில் 75 யூரோவுக்கு மேலும் இருக்க வேண்டும். சுங்க முத்திரையை ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் வாங்க வேண்டும். பாசெலில் முடியும் பயணத்தில் அந்த இடம் சுவிஸ் எல்லை. நாங்கள் சூரிக் விமான நிலையத்தில் போய்க் கேட்டோம், நேரம் கடந்துவிட்டது.

மச்சான் குடும்பம் வரும் ஜூனில் டான்யூப் போகிறது. கப்பல் கட்டணம் ஒரு பக்கம், விமானம், விசா, காப்பீடு, முன்னிரவு ஹோட்டல் அடுத்த பக்கம், டிப்ஸும் கைச்செலவும் மூன்றாவது பக்கம் என்று நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மொத்தத்தில் 15% தனியாக ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றி, ஆறு மாறினாலொழியத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் மேட்டூர் அளவைப் பார்க்கிறவர் அவர். இப்போது பஸ்ஸாவ் அளவையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.