“எல்லாம் புரியுது சார், பரீட்சையிலதான் வரமாட்டேங்குது”

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இதே வரியோடு என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். மூவருமே சோம்பேறிகள் இல்லை. ஒருவனுடைய நோட்டில் நான்கு வண்ணங்களில் அடிக்கோடு. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய இரண்டாம் ஆண்டு நோட்டும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

வகுப்புக்கு மட்டம் போடுவது, கடைசி இரவில் புத்தகத்தைத் திறப்பது, மொபைலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது, இதையெல்லாம் சொல்ல நான் தேவையில்லை. வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிறவர்களே கிரேடைக் கோட்டை விடும் இடங்கள் வேறு.

தீர்வைப் படித்துவிட்டு, கணக்குப் போட்டதாக நினைப்பது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு வெப்ப இயக்கவியல், 4 கிரெடிட் பாடம் (கிரெடிட் என்றால் மொத்தச் சராசரியில் அந்தப் பாடத்துக்குள்ள எடை). பாடப்புத்தகத்துக்கான தீர்வுப் புத்தகம் ஒன்று விடுதியில் ஜெராக்ஸ் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை தீர்வுகளையும் வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன். எதுவும் புரியாமல் இல்லை.

பரீட்சையில் முதல் கேள்வியே நீராவி. பாதி திறந்த வால்வு வழியாகப் பாய்கிறது, இரண்டு பக்க அழுத்தமும் கொடுத்திருக்கிறார்கள், வெளியே வரும்போது வெப்பநிலை என்ன? யாராவது தீர்வைக் காட்டியிருந்தால், “அட, என்தால்பி மாறாது, அவ்வளவுதானே!” என்று சொல்லியிருப்பேன் (என்தால்பி என்றால், பாயும் நீராவி தன்னோடு சுமந்து வரும் ஆற்றலின் கணக்கு). வெற்றுத்தாளில் அந்த ஒரு வரி வரவில்லை. வேலையும் நடக்கவில்லை, வெப்பமும் போகவில்லை என்று யோசிக்க வேண்டிய இடத்தில், எந்தப் பக்கத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கம் ஞாபகம் வந்தது. இடது பக்கம், மேலே.

கணக்கில் கஷ்டமானது முதல் வரிதான். எது மாறாது, எதை விட்டுவிடலாம், எந்தச் சமன்பாட்டைத் தொடலாம் என்ற முடிவெல்லாம் அங்கே இருக்கிறது. அந்த முடிவைத் தீர்வுப் புத்தகம் ஏற்கெனவே எடுத்துவிட்டது. நமக்கு மிச்சம் வைப்பது கூட்டலும் பெருக்கலும். பரீட்சை கேட்பதோ அந்த முடிவை.

எழுத்துப் பாடங்களிலும் இதே கதைதான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு சுற்றும் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு அதைவிட உறைத்தது வேறொன்று: நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னதும் அந்த நான்கு சுற்றுக்காரர்கள்தான்.

நான்கு வண்ணக்காரனிடம், “புத்தகத்தை மூடுப்பா, நேத்து பார்த்த கணக்கை இந்தத் தாள்ல போடு” என்றேன். இரண்டு நிமிடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

“பார்த்தா தெரிஞ்சுடும் சார்.”

“பரீட்சையில பார்க்க விடமாட்டாங்களே.”

ஒரு கணக்குக்கு 20 நிமிடமாவது தீர்வைத் தொடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை மறுபடி வெற்றுத்தாளில் போடுங்கள். இப்படிப் பத்துக் கணக்குப் போட்டவன், தீர்வுப் புத்தகம் முழுவதையும் படித்த என்னைவிட நன்றாக எழுதுவான். ஆனால் முதல் வாரம் மானம் போகும். பாதிப் பேர் அந்த வாரத்திலேயே வண்ணப் பேனாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரே எடையில் பார்ப்பது

சராசரி போடும்போது கிரேடைக் கிரெடிட்டால் பெருக்குவார்கள். பத்துப் புள்ளி அளவில், 20 கிரெடிட் உள்ள ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். 1 கிரெடிட் ஆய்வகத்தில் 9ஐ 10 ஆக்கினால் சராசரி 0.05 ஏறும். அதே ஒரு புள்ளி 4 கிரெடிட் பாடத்தில் ஏறினால் 0.2. ஆனாலும் ஆய்வக ரெக்கார்டுக்குப் படம் வரைந்து கலர் அடிக்க இரண்டு இரவு, பெரிய பாடத்துக்கு ஒரு சாயங்காலம். ரெக்கார்டு என்றால் கண்ணுக்குத் தெரிகிற வேலை, செய்தால் முடிந்துவிடும். அந்த நிம்மதிக்காகத்தான் நாங்களும் செய்தோம்.

“அப்புறம் தூக்கிக்கலாம்”

மொத்தம் எட்டுப் பருவம், எல்லாவற்றிலும் ஒரே அளவு கிரெடிட். முதல் ஆறில் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டிலும் முழுசாக 10 வாங்கினாலும் மொத்தச் சராசரி 7.75தான். கூட்டி வகுத்துப் பாருங்கள்.

கேட்காததையும் எழுதுவது

திருத்துகிறவர் தாளை எடை போடுவதில்லை.

விடைத்தாளைத் திரும்பப் பார்க்காதது

பார்க்க அனுமதி இருந்தால் போய்ப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

வெறுங்கையோடு ஆசிரியரிடம் போவது

“இந்தப் பாடமே புரியல சார்” என்று வந்தால் நான் மறுபடியும் பாடம்தான் நடத்த முடியும். நீங்களும் மறுபடியும் தலையாட்டுவீர்கள். போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்ட தாளோடு வாருங்கள், அடித்தல் திருத்தலோடு.

நான்கு வண்ணக்காரன் நேற்று அப்படி ஒரு தாளோடு வந்தான். தாள் முழுக்க அடித்திருந்தான். முதல் வரி சரி, மூன்றாவது வரியில் குறி தவறு. கழித்தல் போட வேண்டிய இடத்தில் ஏன் கூட்டல் போட்டான் என்று பேசவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.