மூதூர் பஸ் பிடிக்கும் தாய்க்கு: பால் எடுப்பதும் எடை குறைப்பதும்

வீடு திருகோணமலை டவுனில், படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மூதூரில். அரசாங்க வேலையில் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு. சனி, ஞாயிறு கணக்கில் சேராததால் அது நாலு மாதத்தைத் தொட்டு நிற்கும். பிள்ளைக்கோ ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். மிச்ச இரண்டு மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்று என்னிடம் கேட்டு வரும் இளம் டீச்சர்மார் எல்லாரும் கூடவே இன்னொரு கேள்வியும் வைத்திருப்பார்கள்: "அக்கா, இந்த வயிறு எப்ப வத்தும்?"

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எவ்வளவு பால் ஊறும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது எவ்வளவு பால் வெளியே போகிறது என்பதுதான். பிள்ளை குடித்தாலும் சரி, கையால் பிழிந்தாலும் சரி, பம்ப் இழுத்தாலும் சரி, மார்பு காலியாகக் காலியாக உடம்பு சுரக்கும். நிறைந்தபடி கிடந்தால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பாலுக்காக இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடவும் வேண்டாம், எடைக்காகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

லீவு முடிய இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். காலையில் பால் கூடுதலாக இருக்கும். பிள்ளை ஒரு பக்கம் குடித்த பிறகு மற்றப் பக்கத்தில் எடுங்கள். 30, 40 மில்லிலீற்றர்தான் வருகிறது என்று கலங்க வேண்டாம், பிள்ளையும் குடித்துக்கொண்டிருக்கும்போது அது நல்ல அளவுதான். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் குடிக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 30 என்று வைத்தால், ஒன்பது மணித்தியாலம் நீங்கள் வீட்டில் இல்லாத நாளுக்கு 270, 300 இருந்தால் போதும். ஃபிரீசர் நிறையச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

பம்ப் வாங்க முன் கையால் எடுக்கப் பழகுங்கள் என்பேன். கையைக் கழுவி, மார்பை மெதுவாகத் தடவிக்கொடுங்கள். காம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி, மேலே பெருவிரலும் கீழே மற்ற விரல்களும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்துங்கள். பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, விடுங்கள். தோலில் விரலை இழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து நசுக்கவும் கூடாது. முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கொஞ்ச நேரத்தில் பீறிட்டு வரத் தொடங்கும். சரியாக வராவிட்டால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், பக்கத்தில் இருந்து காட்டித் தருவார்.

பம்ப் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மார்பில் வைக்கும் புனல் பகுதியின் அளவு. காம்பு அதன் சுவரில் உரசினால் சிறியது, சுற்றியுள்ள கறுப்புத் தோலும் நிறைய உள்ளே இழுபட்டால் பெரியது. நோகிறது என்றால் ஏதோ சரியில்லை. இழுவையைக் கூட்டி வைத்தால் பால் கூடுதலாக வரும் என்பது பொய். இன்னொன்று: சில மாதம் பாவித்த பிறகு பால் குறைந்தது போல் தெரிந்தால், உங்களைக் குறை சொல்ல முன் பம்பின் சின்ன சிலிக்கன் வால்வை மாற்றிப் பாருங்கள். அது தளர்ந்தால் இழுவை போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தது மனையியல் அறை. உள்ளே கொண்டி இருக்கிறது, தண்ணீர் வருகிறது. அதிபரிடம் நேராகவே கதைத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் வெயில். அறைச் சூட்டில் நாலு மணித்தியாலம் தாங்கும் என்று சொல்வது 25 பாகைக்கு. நம் ஊர் மத்தியானத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. எடுத்த கையோடு, உறைந்த ஐஸ் பாக்கெட் வைத்த குளிர்ப் பையிலோ சின்ன ரெஜிஃபோம் பெட்டியிலோ வையுங்கள். ஐஸ் உருகாமல் இருந்தால் 24 மணித்தியாலம் வரை தாங்கும், கிண்ணியாப் பாலம் தாண்டி வீடு வர அது தாராளம். வீட்டில் ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் நாலு நாள் வைக்கலாம், கதவுத் தட்டில் வேண்டாம். திகதி எழுதி 60, 90 மில்லிலீற்றராகப் பிரித்து வைத்தால் வீணாகாது. மேலே கொழுப்பு ஏடாகப் படியும். பழுதாகிவிட்டது என்று ஊற்றாமல் மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

என் மாமி முதல் நாள் அதை மாட்டுப்பாலைப் போல அடுப்பில் ஏற்றப் பார்த்தார்! காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவும் வேண்டாம். சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் போத்தலை நிறுத்தினால் போதும். பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊற்றிவிட வேண்டும். மாமி சூப்பியில்லாமல் சின்னக் கோப்பையால்தான் பருக்கினார். பிள்ளையை மடியில் நிமிர்த்தி இருத்தி, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரிப்பார். ஊற்ற மாட்டார். பிள்ளை பூனைக்குட்டி மாதிரி நக்கி நக்கிக் குடிக்கும்.

இனி எடை. பிள்ளை, நச்சுக்கொடி, நீர் எல்லாமாக ஐந்தாறு கிலோ பிரசவத்தோடேயே போய்விடும். மிச்சம் மெதுவாகத்தான். பால் சுரக்க உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி செலவழிக்கிறது. ஆனால் பசியும் அதே அளவுக்கு எடுக்கும். முதல் இரண்டு மாதம் எடைத் தராசைப் பார்க்கவே வேண்டாம். அதற்குப் பிறகு கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்லது. அதைவிட வேகமாக இறக்கப் போனால் களைப்பும் வரும், பாலும் குறையலாம். எடை குறைக்கும் மாத்திரைகள், மூலிகைத் தேநீர்கள் பக்கமே போகாதீர்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பதைப் பால் கொடுக்கும் வருடம் விட்டுவிடுங்கள். முருகன் கோவிக்க மாட்டார்.

அம்மாமார் தரும் பத்தியச் சாப்பாட்டில் பாதி அருமையானது. பால்சுறா வறை, முருங்கையிலை, சரக்கு அரைத்த மீன்கறி எல்லாம் நல்ல புரதமும் சத்தும். பிழை, அதோடு சேர்ந்து வரும் சோற்றுக் குவியலிலும் நல்லெண்ணெயிலும்தான். "தண்ணி குடித்தால் வயிறு பெருக்கும்" என்பதைக் கேட்காதீர்கள். இந்த வெயிலில் தாகத்துக்குக் குடித்தே ஆக வேண்டும். உண்மையான வில்லன் பால்தேத்தண்ணி. இரண்டு கரண்டி சீனி போட்டு ஐந்து தரம் குடித்தால் சீனி மட்டுமே 200 கலோரி, கூட வரும் பிஸ்கட் வேறு. நான் முதலில் கை வைக்கச் சொல்வது அதில்தான்.

நடக்கலாம், பால் கெடாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடை போட்டுக்கொண்டு, பின்னேரம் டச்சுக்குடாக் கரையில் நடங்கள். சிசேரியன் என்றால் ஆறு கிழமை கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு கோணேசர் கோயில் ஏற்றத்தை வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் துணி கட்டுவது இடுப்புக்கு இதம், கொழுப்பைக் கரைக்காது.

பால் போதுமா என்பதைப் பம்ப் போத்தலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, கிளினிக்கில் நிறுக்கும்போது வளர்ச்சிக் கோடு ஏறுகிறதா, அதைப் பாருங்கள். மார்பு சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

ஆறு மாதத்தில் பிள்ளை சோறு தொடங்கியதும் பம்ப் நேரங்களை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டும். அந்த நேரத்தில்தான் பத்து மணி பணிஸையும் விட வேண்டும். பால் குறைந்தாலும் சாப்பாட்டுப் பழக்கம் அப்படியே நிற்கும், பலருக்கு எடை திரும்ப ஏறுவது அங்கேதான்.