டைட்டானோசீன் படிகத்தில் வலுக்குறைந்த இடைவினைகளை அளப்பது எப்படி?

காலாப்பட்டிலோ தேவனாம்பட்டினத்திலோ எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் பலர், எக்ஸ்-கதிர் கருவி இல்லாமல் படிக அமைப்பைத் தொடவே முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் பிறர் அளந்து வைத்த கரிம, உலோகக்-கரிமச் சேர்மப் படிகங்களின் அமைப்புகள் கேம்பிரிட்ஜ் படிக அமைப்புத் தரவுத்தளத்தில் பத்து லட்சத்துக்கு மேல் உள்ளன. ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும்.

பழகுவதற்கு டைட்டானோசீன் டைகுளோரைடை எடுங்கள்: ஒரு டைட்டானியம், அதன்மேல் இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்கள், இரண்டு குளோரின்கள். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அண்டை மூலக்கூறின் குளோரினுக்கும் இடையிலான வலுக்குறைந்த ஈர்ப்பைத்தான் இதில் தேடப்போகிறோம். நம் கடற்கரை ஈரக்காற்றில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு புட்டியைத் திறந்தாலே வெண்புகை கிளம்பும். இந்தச் சிவப்புச் சேர்மம் அப்படிப் புகைவதில்லை. 1954-ல் வில்கின்சனும் பர்மிங்காமும் அறிவித்தது.

முதல் படி: கேம்பிரிட்ஜ் தரவு மையத்தின் தளத்தில் சேர்மத்தின் பெயரைத் தேடி, அணுக்களின் இடங்கள் பதிவான சிஐஎஃப் (CIF) கோப்பை இறக்குங்கள். பழைய பதிவுகள் சிலவற்றில் ஹைட்ரஜன் அணுக்களே இருக்காது. இருக்கும் பதிவாகப் பாருங்கள். அதை மெர்குரி மென்பொருளில் திறக்கலாம். அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம்.

அடுத்து, மூலக்கூறை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். டைட்டானியம்–குளோரின் தூரம் சுமார் 2.36 ஆங்ஸ்ட்ராம், இரு குளோரின்களுக்கு இடையிலான கோணம் 94 பாகையை ஒட்டி வரும். இரண்டு ஐங்கோண வளையங்களும் இரும்புச் சேர்மமான ஃபெரோசீனில் போல இணையாக இல்லாமல் சாய்ந்து நிற்கும்.

மூன்றாவது படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கிறது. ஹைட்ரஜனின் ஒரே எலக்ட்ரான் பிணைப்பின் பக்கம் சாய்ந்திருப்பதால், கார்பன்–ஹைட்ரஜன் தூரம் 0.95 என்று குறுகிப் பதிவாகும். நியூட்ரான் அளவீட்டில் அது 1.08-க்கு அருகில். எனவே எடிட் பட்டியலில் உள்ள 'நார்மலைஸ் ஹைட்ரஜன்ஸ்' கட்டளையை முதலில் கொடுங்கள். அண்டை மூலக்கூறின் குளோரினுக்கான தூரம் இதனால் 0.1 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல்கூடக் குறையலாம்.

இப்போது 'ஷார்ட் கான்டாக்ட்' பெட்டியை டிக் செய்தால் புள்ளிக்கோடுகள் தோன்றும். அவற்றை உடனே பிணைப்பு என்று எழுதிவிடாதீர்கள். வான்டெர்வால்ஸ் ஆரங்களின் (பிணையாத அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று காட்டும் ஆரங்கள்) கூட்டுத்தொகையைவிடத் தூரம் குறைந்தால் மென்பொருள் கோடு போடும், அவ்வளவுதான். போண்டி 1964-ல் தந்த அளவில் ஹைட்ரஜன் 1.20, குளோரின் 1.75, மொத்தம் 2.95. ஹைட்ரஜனுக்கு 1.09 என்று கொள்ளும் பிற்காலப் பட்டியலில் அது 2.84 ஆகிவிடும். இடையில் விழும் தொடர்பு ஒரு பட்டியலில் உண்டு, மற்றதில் இல்லை! எந்தப் பட்டியல் என்று ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

பிறகு கோணம். கார்பன், ஹைட்ரஜன், குளோரின் மூன்றையும் வரிசையாகத் தொட்டு அளங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன் தலைமையிலான ஐயுபிஏசி (பன்னாட்டு வேதியியல் அமைப்பு) குழு 2011-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஹைட்ரஜன் பிணைப்பின் கோணம் 180-ஐ நாட வேண்டும், 110-க்கு மேல் இருப்பது நல்லது. தூரம் சிறிதாக, கோணம் 95 என்று வந்தால் அது வெறும் நெருக்கமாகவே இருக்கலாம்.

கை பழகியபின் எத்தில் டைட்டானியம் டிரைகுளோரைடின் டிஎம்பிஇ (dmpe, இரு பாஸ்பரஸ்களால் உலோகத்தைப் பற்றும் ஈனி) அணைவுக்கு வாருங்கள். அதில் எத்தில் தொகுதி மடங்கி, டைட்டானியம்–கார்பன்–கார்பன் கோணம் 86 பாகையாகச் சுருங்கியிருக்கிறது. கடைசிக் கார்பனின் ஹைட்ரஜன் உலோகத்திலிருந்து 2.29 ஆங்ஸ்ட்ராமில் நிற்கிறது. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இப்படி உலோகத்தை நாடிச் சாய்வதுதான் அகோஸ்டிக் இடைவினை. இங்கே மட்டும் மூன்றாவது படியைச் செய்யாதீர்கள். அகோஸ்டிக் ஹைட்ரஜனின் பிணைப்பு இயல்பைவிட நீண்டிருக்கும். நார்மலைஸ் செய்தால் அந்த நீட்சியே அழிந்துவிடும்.